தான் (மெய்யியல்)

மெய்யியலில் தான் என்பது, எண்ணம், உணர்வு, நினைவு, செயல் ஆகியவற்றைத் தன்னுடையவை என்று கொள்ளும் ஒன்றைக் குறிக்கும் கருத்தாகும். "நான் பார்த்தேன்", "எனக்கு வலிக்கிறது", "நேற்று நான் சொன்னேன்" என்று ஒருவர் கூறும்போது அந்த 'நான்' எதைச் சுட்டுகிறது என்பதே இக்கருத்தைச் சார்ந்த முதன்மைக் கேள்வி ஆகும். அது உடலையா, மனத்தையா, இவ்விரண்டிற்கும் வேறான ஓர் உயிரையா, அல்லது தனிப்பொருள் எதையும் சுட்டாத வெறும் சொல்வழக்கா என்பதில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மெய்யியலாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. குற்றத்திற்குத் தண்டனை அளித்தல், கொடுத்த வாக்கை நிறைவேற்றுமாறு கேட்டல், முதுமைக்காகச் சேமித்தல், வினைப்பயன் பற்றிப் பேசுதல் ஆகிய அனைத்தும், அன்று செய்தவரும் இன்று இருப்பவரும் ஒருவரே என்னும் எடுகோளின் மீது நிற்கின்றன. ஆகவே தான் பற்றிய ஒவ்வொரு கொள்கையும் "செய்தவர் யார், அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார்" என்னும் கேள்விக்கு விடை கூற வேண்டியதாகிறது.

சொற்பொருள்

தமிழ் இலக்கணத்தில் தான் என்பது படர்க்கை ஒருமையில் வரும் தற்சுட்டுப் பெயர் ஆகும். வேற்றுமை உருபு ஏற்கும்போது இது 'தன்' எனக் குறுகும். தன்னலம், தன்மானம், தற்பெருமை முதலிய சொற்களில் இவ்வடிவைக் காணலாம். பேசுபவரைக் குறிக்கும் இடத்தின் பெயரும், ஒரு பொருளின் இயல்பைக் குறிக்கும் சொல்லும் 'தன்மை' என்னும் ஒரே வடிவில் இருப்பது குறிப்பிடத்தக்கது.

இக்கருத்தோடு தொடர்புடைய சொற்கள் பல உள்ளன. அவை ஒன்றுக்கொன்று ஈடானவை அல்ல.

- உயிர்: உடலை இயக்குவதும் உணர்வதுமான பொருள். சைவ சித்தாந்த நூல்களிலும் சமண நூல்களிலும் பெரிதும் பயில்வது.
- ஆன்மா: வடமொழி ஆத்மன் என்பதன் தமிழ் வடிவம். பெரும்பாலும் அழிவற்றது என்னும் பொருளை உட்கொண்டது.
- சுயம்: தற்கால உளவியல், இலக்கியத் திறனாய்வு ஆகியவற்றில் வழங்குவது. அழிவற்ற பொருள் என்னும் கருத்து இதில் இல்லை.
- அகந்தை: 'நான்', 'எனது' என்னும் பற்றும் செருக்கும்.

எனவே ஒருவர் ஆன்மா இல்லை என்று மறுத்துக்கொண்டே, சுயம் என்பதை ஏற்றுக்கொள்ளலாம்.

அடிப்படைக் கேள்விகள்

தான் பற்றிய விவாதத்தில் மூன்று கேள்விகளைப் பிரித்தறியலாம்.

1. இயல்பு பற்றியது: தான் என்பது எவ்வகைப் பொருள்?
2. அறிவு பற்றியது: ஒருவர் தம்மை எவ்வாறு அறிகிறார்? பிற பொருள்களை அறிவது போலவா, வேறு வகையிலா?
3. தொடர்ச்சி பற்றியது: குழந்தையாக இருந்தவரும் முதியவராக இருப்பவரும் ஒருவரே என்று கூற வைப்பது எது?

மூன்றாவது கேள்வி பொருள்களுக்கும் பொருந்துவதே. புளூட்டார்க் குறிப்பிடும் தீசியசின் கப்பல் இதற்குப் பழைய எடுத்துக்காட்டாகும். பழுதடைந்த பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, இறுதியில் பழைய பலகை ஒன்றும் எஞ்சாதபோது அது அதே கப்பலா என்பது கேள்வி. கப்பலைப் பொறுத்தவரை இதை வழக்காறு பற்றிய சிக்கல் என்று விட்டுவிடலாம். ஆனால் மாறிக்கொண்டே இருப்பது தாமே என்னும்போது, அவ்வாறு விட்டுவிடுவது எளிதன்று.

இந்திய மெய்யியலில்

உபநிடதங்கள்

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் ஒரு கதை இக்கேள்வியைப் படிப்படியாக வளர்க்கிறது. தானை அறிய வேண்டித் தேவர்களின் சார்பில் இந்திரனும், அசுரர்களின் சார்பில் விரோசனனும் பிரசாபதியிடம் மாணவராகின்றனர். நீரில் தெரியும் உருவமே தான் என்னும் விடையில் நிறைவடைந்து விரோசனன் திரும்பிவிடுகிறான். இந்திரன் பாதி வழியில் ஐயுறுகிறான். உடலே தான் என்றால், உடல் குருடாகும்போது தானும் குருடாகும். உடல் அழியும்போது தானும் அழியும். அவன் மீண்டும் சென்று கேட்கிறான். கனவில் உலவுவதே தான் என்னும் விடையும், கனவற்ற உறக்கத்தில் இருப்பதே தான் என்னும் விடையும் அடுத்தடுத்துத் தரப்படுகின்றன. கனவிலும் துன்பம் உண்டு என்பதாலும், ஆழ்ந்த உறக்கத்தில் தன்னையே அறியாத நிலை உள்ளது என்பதாலும் இந்திரன் அவற்றையும் ஏற்கவில்லை. இவ்வாறு அவன் மாணவனாக இருந்த காலம் மொத்தம் 101 ஆண்டுகள் என்று அக்கதை கூறுகிறது.

பிற்கால வேதாந்தப் பிரிவுகள் இதற்கு வெவ்வேறு விளக்கம் தந்தன. சங்கரரின் அத்துவைதம், தான் என்பது பிளவற்ற ஒரே உணர்வு என்றும், பல தான்கள் இருப்பதாகத் தோன்றுவது அறியாமையால் என்றும் கொள்கிறது. இராமானுசரின் விசிட்டாத்துவைதமோ, அறிபவராகிய தனித்தனி உயிர்கள் உண்மையானவை என்று கொள்கிறது. 1896 ஆம் ஆண்டு மதுரையில் இளைஞராக இருந்தபோது ஏற்பட்ட இறப்பச்சத்தின் விளைவாக 'நான் யார்' என்னும் விசாரணையில் ஈடுபட்ட இரமண மகரிசி, பின்னர் அதையே தமது போதனையின் மையமாகக் கொண்டார்.

உலகாயதம்

உலகாயதர் உடலுக்கு வேறாக உயிர் இல்லை என்றனர். பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றுகிறது, சேர்க்கை கலையும்போது அதுவும் மறைகிறது என்பது அவர்கள் கொள்கை. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலை சந்திக்கும் சமயவாதிகளுள் பூதவாதியும் ஒருவர்.

பௌத்தம்

நிலையான தான் எதுவும் இல்லை என்னும் அனாத்மக் கொள்கை பௌத்தத்தின் அடிப்படைகளுள் ஒன்றாகும். மனிதர் எனப்படுவது உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் தொகுதி. இவை ஒவ்வொன்றும் கணந்தோறும் மாறுகின்றன. இவற்றுக்கு அப்பால் உரிமையாளர் ஒருவர் இல்லை.

மிலிந்த பன்கா என்னும் பாளி நூலில், பௌத்தத் துறவி நாகசேனர் இக்கொள்கையைத் தேர் ஒன்றை எடுத்துக்காட்டி விளக்குகிறார். சக்கரம் தேரன்று, அச்சும் தேரன்று, நுகமும் தேரன்று. இவற்றுக்கு வேறாகவும் தேர் இல்லை. உறுப்புகள் முறையாகச் சேர்ந்திருக்கும்போது 'தேர்' என்னும் பெயர் வழங்குகிறது, அவ்வளவே. நாகசேனர் என்னும் பெயரும் அத்தகையதே. அவரோடு உரையாடும் மிலிந்தர், கி.மு. 2 ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட கிரேக்க மன்னர் மெனாண்டர் ஆவார்.

தான் இல்லை என்றால் வினைப்பயனை அனுபவிப்பவர் யார் என்பது மன்னரின் அடுத்த கேள்வி. நாகசேனர் மாம்பழத் திருடன் ஒருவனின் கதையைக் கூறுகிறார். "உரிமையாளர் நட்டது வேறு மாங்கனி, நான் பறித்தது வேறு மாங்கனி" என்று அவன் வாதிட்டால் தப்ப முடியுமா? முடியாது, ஏனெனில் பறித்த கனி நட்ட கனியிலிருந்து தொடர்ந்து வந்தது. அதுபோலவே, செய்தவரும் பயன் பெறுபவரும் முற்றிலும் ஒருவரும் அல்லர், முற்றிலும் வேறானவரும் அல்லர். பொறுப்புக்கு வேண்டியது மாறாத பொருள் அன்று, காரண காரியத் தொடர்ச்சியே என்பது இதன் கருத்து.

பௌத்தத்திற்குள்ளும் இதில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. வாத்சீபுத்திரீயர், கந்தங்களோடு ஒன்றென்றோ வேறென்றோ சொல்ல இயலாத 'புத்கலம்' ஒன்று உண்டு என்றனர். விறகோடு நெருப்புக்கு உள்ள உறவை அவர்கள் இதற்கு உவமையாகக் காட்டினர். வசுபந்து அபிதர்மகோசத்தின் இறுதிப் பகுதியில் இதை விரிவாக மறுத்தார்.

நியாயம்

நியாயப் பிரிவினர் பௌத்தருக்கு எதிராக ஆன்மாவை நிறுவ முயன்றனர். நியாய சூத்திரம் தரும் வாதங்களுள் இரண்டு புகழ்பெற்றவை.

- கண்ணால் கண்ட பொருளையே கையால் தொடுகிறேன் என்று ஒருவர் அறிகிறார். கண் தொடுவதில்லை, கை காண்பதில்லை. எனவே இரண்டையும் சேர்த்து 'அதே பொருள்' என்று அறிவது பொறிகளுக்கு வேறான ஒன்று.
- புளிப்பான காயைக் கண்டதும் நாவில் நீர் ஊறுகிறது. கண் கண்டதற்கு நா எதிர்வினை காட்டுவதாயின், முன்பு சுவைத்ததையும் இப்போது காண்பதையும் இணைக்கும் ஒருவர் இருக்க வேண்டும்.

முன்நொடியின் பதிவு பின்நொடிக்குக் கடத்தப்படுகிறது என்பதே போதும், இணைக்கும் தனிப்பொருள் வேண்டியதில்லை என்பது பௌத்தரின் பதிலாகும்.

சைவ சித்தாந்தமும் தமிழ் நூல்களும்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, பௌத்த ஆசிரியர்களோடு சமணத் தலைவி நிகழ்த்தும் வாதங்களைக் கொண்டது. உயிரை மறுக்கும் பௌத்தக் கொள்கையும் அதில் எதிர்க்கப்படுகிறது.

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதம் பன்னிரண்டு நூற்பாக்களைக் கொண்டது. அதன் மூன்றாம் நூற்பா முழுவதும் உயிர் உண்டு என்பதற்கான வாதங்களின் தொகுப்பாகும். ஒவ்வொரு வாதமும் ஒரு மாற்றுக் கொள்கையை மறுக்கிறது.

- உயிர் இல்லை என்று கூறுவதற்கும் அவ்வாறு அறிந்து கூறும் ஒன்று வேண்டும்.
- 'எனது உடல்' என்று உடைமையாகச் சொல்வதால் உடல் உயிரன்று.
- ஐம்புலன்களின் செய்தியையும் சேர்த்து அறிவதால் பொறிகள் உயிரல்ல.
- ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு இயங்கினும் நுகர்வும் செயலும் இல்லாததால் மூச்சுக்காற்று உயிரன்று.
- அறிவிக்கவே அறிவதால் உயிர், தானே அறியும் இறைவனும் அன்று.

நான்காம் நூற்பா, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய உட்கருவிகளிலிருந்தும் உயிரை வேறுபடுத்துகிறது. அமைச்சர்களோடு கூடிச் செயற்படும் அரசன் இதற்கு உவமை. சார்ந்ததன் வண்ணம் ஆதல் என்பது சித்தாந்தம் உயிருக்குக் கூறும் தனி இயல்பாகும். இதனால் சித்தாந்தத்தின் உயிர், அத்துவைதத்தின் மாறாத தூய உணர்விலிருந்து வேறுபடுகிறது.

மேற்கத்திய மற்றும் இசுலாமிய மெய்யியலில்

பண்டைக் காலமும் இடைக்காலமும்

பிளேட்டோ ஆன்மாவை உடலில் சிறைப்பட்ட, அழிவற்ற பொருளாகக் கண்டார். அரிசுட்டாட்டில் அதை உயிருள்ள உடலின் வடிவம் என்றார். இப்னு சீனா (980–1037) ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார். வெற்றிடத்தில் மிதக்குமாறு, உறுப்புகள் ஒன்றையொன்று தொடாமல், எதையும் காணாமல் கேளாமல் ஒருவர் படைக்கப்பட்டால், அவர் தம் உடலைப் பற்றி ஒன்றும் அறியார். ஆயினும் தாம் இருப்பதை அறிவார். எனவே தான் என்பது உடல் அன்று என்பது அவரது முடிபு.

டேக்கார்ட்

ரெனே டேக்கார்ட் (1596–1650) 1641 இல் வெளியிட்ட தியானங்கள் என்னும் நூலில், ஐயுறக்கூடிய அனைத்தையும் ஐயுற்றுப் பார்த்தார். ஐயுறுவதற்கும் ஐயுறுபவர் ஒருவர் வேண்டும் என்பதால், சிந்திக்கும் தன் இருப்பை ஐயுற முடியாது என்று கண்டார். இது சிவஞான போதத்தின் முதல் வாதத்தை ஒத்திருப்பினும் நோக்கம் வேறு. டேக்கார்ட் ஐயத்திற்கு இடமற்ற அறிவின் தொடக்கப் புள்ளியைத் தேடினார். 1643 இல் பொகீமியாவின் இளவரசி எலிசபெத் கடிதம் வழியாக அவரிடம் எழுப்பிய கேள்வி இன்றும் பேசப்படுகிறது: இடத்தை அடைக்காத மனம், இடத்தை அடைக்கும் உடலை எவ்வாறு அசைக்க முடியும்?

ஜான் லாக்கும் நினைவுக் கொள்கையும்

ஜான் லாக் (1632–1704) தமது மனித அறிவு பற்றிய நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இச்சிக்கலுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றைச் சேர்த்தார். தொடர்ச்சியைத் தருவது உடலோ ஆன்மப் பொருளோ அன்று, உணர்வே என்றார். இளவரசர் ஒருவரின் உணர்வும் நினைவுகளும் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடலுக்குள் புகுந்தால், அவ்வுடலில் இருப்பவர் இளவரசரே. அவர் இளவரசரின் செயல்களுக்கே பொறுப்பாவார். 'ஆள்' என்பது அடிப்படையில் வழக்குமன்றத்துக்கு உரிய சொல் என்று லாக் கருதினார்.

இதற்கு எதிராக தாமசு ரீட் 1785 இல் ஒரு கதையைக் கூறினார். பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட சிறுவன், வளர்ந்து படை அதிகாரியாகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான். முதுமையில் தளபதி ஆகிறான். அதிகாரிக்கு அடிபட்டது நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடி நினைவிருக்கிறது, அடிபட்டது நினைவில்லை. லாக்கின்படி தளபதி அதிகாரியே, அதிகாரி சிறுவனே, ஆனால் தளபதி சிறுவன் அல்லர். இது முரண்பாடாகும். நேரடி நினைவு வேண்டியதில்லை, சங்கிலி போல் ஒன்றையொன்று பற்றிய நினைவுகளின் தொடர் போதும் என்று பின்வந்தோர் இக்கொள்கையைத் திருத்தினர்.

டேவிட் ஹியூம்

டேவிட் ஹியூம் (1711–1776), தம்முள் நோக்கும் போதெல்லாம் வெம்மை, குளிர், அன்பு, வெறுப்பு போன்ற ஏதேனும் ஒரு புலப்பாட்டையே கண்டதாகவும், அவற்றை உடைய 'தான்' அகப்படவில்லை என்றும் 1739 இல் எழுதினார். தான் என்பது விரைந்து மாறும் புலப்பாடுகளின் கட்டு மட்டுமே. உறுப்பினரும் சட்டங்களும் மாறினும் குடியரசு தொடர்வது போன்றது அதன் தொடர்ச்சி. இக்கொள்கை பௌத்தக் கொள்கையோடு பெரிதும் ஒப்பிடப்படுகிறது. எனினும் அடுத்த ஆண்டே தமது நூலின் பின்னிணைப்பில், இவ்விளக்கம் தமக்கே நிறைவளிக்கவில்லை என்று ஹியூம் ஒப்புக்கொண்டார்.

இம்மானுவேல் கான்ட்

கான்ட் 1781 இல் ஒரு நடுவழியைக் காட்டினார். சிதறிய புலப்பாடுகள் ஒரே அனுபவமாக வேண்டுமாயின், அவை அனைத்தோடும் 'நான் சிந்திக்கிறேன்' என்பது உடன்வர இயல வேண்டும். ஆனால் அது அனுபவத்தின் நிபந்தனை மட்டுமே. அதிலிருந்து அழியாத ஆன்மப் பொருள் உண்டு என்று முடிவு கட்டுவது தருக்கப் பிழை என்பது அவரது கருத்து.

டெரெக் பார்ஃபிட்

டெரெக் பார்ஃபிட் (1942–2017) 1984 இல் வெளியிட்ட நூலில் தொலைபெயர்ப்புப் பொறி ஒன்றைக் கற்பனை செய்தார். ஒருவரின் உடலை அணு அணுவாகப் பதிவு செய்து அழித்து, செவ்வாயில் அதே அமைப்பில் மீண்டும் உருவாக்குகிறது அப்பொறி. அங்கு விழிப்பவர் அவரேயா? பூமியில் உள்ள உடலை அழிக்காமல் விட்டால் இருவருள் யார் அவர்? கணினிக் கோப்பை நகலெடுக்கும்போது மூலம் எது என்பது பெரும்பாலும் பொருட்டாவதில்லை. ஆனால் நகலெடுக்கப்படுவது தாமே என்றால் எவரும் அவ்வாறு அமைதி கொள்வதில்லை.

இக்கேள்விக்குத் திட்டவட்டமான விடை இருந்தாக வேண்டும் என்னும் நம்பிக்கையே தவறு என்றார் பார்ஃபிட். முதன்மையானது 'அதே ஆள்' என்பதன்று, உளவியல் தொடர்ச்சியே. இம்முடிபு இறப்பு பற்றிய அச்சத்தைத் தமக்குக் குறைத்ததாகவும் பிறர்மீது கூடுதல் அக்கறையைத் தந்ததாகவும் அவர் எழுதினார். தமது கொள்கை புத்தரின் கொள்கையோடு ஒத்திருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

நரம்பியல் சான்றுகள்

இருபதாம் நூற்றாண்டில் கற்பனைச் சோதனைகளோடு மருத்துவச் சான்றுகளும் இவ்விவாதத்தில் இடம்பெற்றன.

- என்றி மொலெய்சன் (1926–2008) என்பவருக்கு வலிப்பு நோயைத் தணிக்க 1953 இல் மூளை அறுவை செய்யப்பட்டது. அதன்பின் அவரால் புதிய நிகழ்வுகளை நினைவில் கொள்ள இயலவில்லை. ஆயினும் கண்ணாடியில் பார்த்துக் கோடு வரையும் திறனை அவர் நாளுக்கு நாள் வளர்த்துக்கொண்டார். முன்பு பயின்றதே அவருக்கு நினைவில்லை. நினைவே தான் என்னும் கொள்கைக்கு இது சிக்கலானது.
- மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புத் தொகுதி துண்டிக்கப்பட்ட நோயாளிகளில், ஒரு பாதி அறிந்ததை மறுபாதி அறியாமல் இருக்கக்கூடும் என்று ரோஜர் சுபெர்ரி கண்டறிந்தார். இவருக்கு 1981 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.
- 1998 இல் வெளியான இரப்பர்க் கை ஆய்வில், மறைக்கப்பட்ட தம் கையும் கண்முன் உள்ள இரப்பர்க் கையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடப்பட்டபோது, பலரும் இரப்பர்க் கையைத் தம்முடையதாக உணர்ந்தனர். 'எனது உடல்' என்னும் உணர்வும் மூளையால் கட்டமைக்கப்படுவதை இது காட்டுகிறது.

பொறுப்பும் சட்டமும்

லாக்கின் கேள்வி 2019 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்காகவே வந்தது. மேடிசன் எதிர் அலபாமா என்னும் அவ்வழக்கில், 1985 இல் காவலர் ஒருவரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற கைதி, பக்கவாதங்களாலும் மறதி நோயாலும் அக்குற்றத்தை நினைவுகூர இயலாதவராக இருந்தார். குற்றம் நினைவில் இல்லை என்பது மட்டுமே தண்டனையைத் தடுக்காது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் தாம் ஏன் தண்டிக்கப்படுகிறோம் என்பதையே பகுத்துணர இயலாதவராயின், மறதி நோயின் விளைவாக ஆனாலும், தண்டனையை நிறைவேற்ற முடியாது என்றும் தீர்ப்பளித்தது. நினைவைத் தொடர்ச்சியின் அளவுகோலாக ஏற்காமல், புரிதலைத் தண்டனையின் நிபந்தனையாக்கியது இத்தீர்ப்பு. அக்கைதி 2020 இல் சிறையில் இறந்தார்.

எதிர்கால மருத்துவம் பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணங்களிலும் இச்சிக்கல் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இல் இத்தகைய ஆவணங்களுக்கு ஏற்பளித்து, 2023 இல் அவற்றுக்கான நடைமுறையை எளிதாக்கியது. நலமாக இருந்தபோது, "மறதி நோய் முற்றினால் எனக்கு உயிர்காக்கும் மருத்துவம் வேண்டா" என்று எழுதியவர், நோயுற்றபின் சிறு இன்பங்களில் மகிழ்ந்து வாழ்வதாகக் கொள்வோம். எவருடைய விருப்பத்தைப் பின்பற்ற வேண்டும்? வாழ்வு முழுவதையும் ஒன்றாகக் கொண்டு முன்னைய விருப்பத்தையே மதிக்க வேண்டும் என்றார் ரொனால்ட் டுவார்க்கின் (1993). இப்போது இருப்பவரின் நலனே முதன்மையானது என்று ரெபெக்கா டிரெசர் அதை மறுத்தார்.

கொள்கைகளின் ஒப்பீடு

செய்தவரே ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பதற்கு முதன்மைக் கொள்கைகள் தரும் விடைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

- நியாயம், சைவ சித்தாந்தம்: செய்த உயிரே தொடர்ந்து இருப்பதால்.
- பௌத்தம்: பின்னையது முன்னையதிலிருந்து காரணத் தொடராக வருவதால்.
- லாக்: அச்செயலைத் தன்னுடையதாக உணர்வதால்.
- பார்ஃபிட்: உளவியல் தொடர்பு உள்ள அளவுக்கு, அது குறையும்போது பொறுப்பும் குறையக்கூடும்.

இவற்றுள் எதுவும் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. மாறாத பொருளை ஏற்போர், அது அனுபவத்தில் ஏன் அகப்படுவதில்லை என்று விளக்க வேண்டியுள்ளது. அதை மறுப்போர், நாளைக்கு வரப்போகும் வலியை ஒருவர் ஏன் தம்முடையதாகவே அஞ்சுகிறார் என்று விளக்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- ஆன்மா
- அனாத்மம்
- உள-உடல் இருமை
- சிவஞான போதம்
- தீசியசின் கப்பல்
- மனமெய்யியல்
- வினைப்பயன்